வெள்ளியும் இண்டியமும் தொட்டுக்கொண்டால்: கேள்வி பதில்

போன வாரம் வந்த கேள்விகளில் பாதி வெள்ளியும், சாலிடரில் பயன்படும் மெத்தென்ற உலோகமான இண்டியமும் சேர்ந்த இந்த ஜோடியைப் பற்றியே இருந்தன, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன். சேர்மங்களை 1:2, 2:1 என்று விகிதத்தால் எழுதுவேன். முதல் எண் வெள்ளி அணுக்கள், அடுத்தது இண்டியம்.

கீர்த்தனா: அக்கா, 2 மைக்ரான் இண்டியம் படலத்து மேல 0.1 மைக்ரான் வெள்ளி போட்டேன். சூடே பண்ணல. மறுநாள் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் எடுத்தா வெள்ளியோட பீக்கையே காணோம். மெஷின்ல கோளாறா?

மெஷின் நல்லாத்தான் இருக்கிறது. எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் எந்தப் படிகம் இருக்கிறதோ அதன் பீக்கைத்தான் காட்டும்; உங்கள் வெள்ளி முழுக்க 1:2 சேர்மமாக மாறிவிட்டது. அந்தப் பீக்குகளைத் தேடிப் பாருங்கள், இருக்கும்.

அறை வெப்பம் நமக்குத்தான் குளிர்ச்சி. இண்டியம் 156.6 டிகிரி செல்சியஸில் உருகும், அதாவது சுமார் 430 கெல்வின். நம் அறை 300 கெல்வின். உருகுநிலையில் எழுபது சதவீதம் வந்தாயிற்று. அந்தத் திண்மத்துக்குள் அணுக்கள் தாராளமாக இடம் மாறும். அதிலும் வெள்ளி அணு இண்டியத்துக்குள் ஓடுகிற வேகம் தனி. இண்டியம் அணுக்களின் இடைவெளிகளில் புகுந்து போகிறது, காலி இடம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

கணக்கும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. 1 மைக்ரான் இண்டியம் 1:2 ஆக மாற 0.33 மைக்ரான் வெள்ளியை விழுங்கும். உங்களுடைய 2 மைக்ரானுக்கு 0.1 எந்த மூலைக்கு?

இதில் வருத்தப்பட எதுவுமில்லை. வெற்றிடத்தை உடைக்காமல் இண்டியத்தின் மேல் மெல்லிய வெள்ளி போடுவதே, இண்டியம் காற்றில் ஆக்சைடு ஆகாமல் இருக்கத்தான். மேலே உருவாகும் 1:2 அந்தக் காவலைச் செய்கிறது. பிறகு 166 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் 1:2 தாங்காது, 2:1 திண்மமாகவும் இண்டியம் மிகுந்த திரவமாகவும் பிரிந்துவிடும். மூடி தானாகவே கழன்று உருகிய உலோகம் வெளியே வருகிறது. ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கும் பூச்சு) இல்லாமல் ஒட்ட முடிவது இதனால்தான்.

ரஃபீக்: சார், ஒரு புத்தகத்துல 2:1, இன்னொண்ணுல 9:4ன்னு போட்டிருக்கு. வெள்ளிக்கு வேலன்ஸி 1, இண்டியத்துக்கு 3. எப்படிக் கூட்டினாலும் வர மாட்டேங்குதே?

(அக்கா என்றே கூப்பிடலாம், ரஃபீக்!) பள்ளியில் படித்த வேலன்ஸிக் கணக்கை இங்கே மூட்டை கட்டி வையுங்கள். இவை உப்பு மாதிரியான சேர்மங்கள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உலோகவியல் அறிஞர் ஹியூம்-ரோத்தரி காட்டிய வழியில் போவோம்: ஓர் அணுவுக்குச் சராசரியாக எத்தனை எலெக்ட்ரான் கிடைக்கிறது என்று பாருங்கள்; அந்தச் சராசரி சில குறிப்பிட்ட எண்களுக்கு அருகில் வந்தால் அதற்கேற்ற கட்டமைப்பு வரும் என்பது அவர் கணக்கு. வெள்ளி 1 தரும், இண்டியம் 3 தரும்.

9:4 விகிதத்தில் 13 அணுக்கள், 21 எலெக்ட்ரான்கள். 21/13 என்பது காமா பித்தளையின் எண். துத்தநாகமும் செம்பும் சேர்ந்த காமா பித்தளையின் அதே சிக்கலான கட்டமைப்புதான் இங்கும் வருகிறது. விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே போகும் என்பதால் வட்டமாக 2:1 என்று எழுதிவிடுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான். 3:1 சேர்மத்தில் 4 அணுக்களுக்கு 6 எலெக்ட்ரான், அதாவது 3/2. அதுவும் அவருடைய பட்டியலில் உள்ள எண்தான். 1:2 மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது செம்பு-அலுமினியம் 1:2 சேர்மத்தின் கட்டமைப்பு, வேறு குடும்பம்.

செந்தில்: பவர் சிப் ஒட்டணும். 180 டிகிரியில ஒட்டி, பிறகு 300ஐயும் தாங்கணும். நடக்குமா?

நடக்கும். இந்த ஜோடியின் பெருமையே அதுதான். 180 டிகிரியில் இண்டியம் உருகி வெள்ளியோடு வினைபுரிகிறது. வினைபுரியப் புரிய திரவம் குறைந்து, அதே வெப்பத்தில் உறைந்துவிடுகிறது. திரும்ப உருக வேண்டுமென்றால் சேர்மத்தின் உருகுநிலைக்குப் போக வேண்டும்.

எல்லாம் தடிமனில் இருக்கிறது. ஒவ்வொரு மைக்ரான் இண்டியத்துக்கும் 1.3 மைக்ரான் வெள்ளி இருந்தால் 2:1, கிட்டத்தட்ட 2 மைக்ரான் இருந்தால் 3:1. 2:1 மட்டும் இருக்கும் இணைப்பு 300 டிகிரியை ஒட்டியே தடுமாறும், உங்களுக்கு விளிம்பு நிலை. நான் செய்தால் ஒரு மைக்ரான் இண்டியத்துக்கு வெள்ளியை 5, 6 மைக்ரானாக அள்ளிப் போடுவேன். பிறகு நிதானமாகச் சூட்டில் வைத்தால் இண்டியம் வெள்ளிக்குள் கரைந்து பரவும், இணைப்பு 600 டிகிரிக்கு மேலும் நிற்கும். வெள்ளிச் செலவை நினைத்துக் கை நடுங்குகிறவர்கள்தான் இதில் கோட்டை விடுகிறார்கள்.

மீனா: சாலிடர் கம்பியில 97 சதவீதம் இண்டியம், 3 வெள்ளின்னு போட்டிருக்கே, அந்த 3 எதுக்கு?

அது யூடெக்டிக் கலவை, அதாவது இரண்டு உலோகமும் சேர்ந்து மிகக் குறைந்த வெப்பத்தில் உருகும் விகிதம்; சுமார் 144 டிகிரியில் உருகும். வெறும் இண்டியத்தைவிடக் கொஞ்சம் உறுதி. இன்னொரு லாபமும் உண்டு: உள்ளே ஏற்கெனவே வெள்ளி இருப்பதால், போர்டில் உள்ள வெள்ளிப் பூச்சைக் கரைத்துத் தின்னும் பசி குறைகிறது.

கதிர்: வெள்ளிக் கொலுசு அறுந்துபோச்சு. வீட்டிலேயே இண்டியம் வச்சு ஒட்டிடலாமா?

வேண்டாம். நகம் வைத்தால் கீறல் விழும் உலோகம் அது. நாளைக்கு ஆசாரி அதே கொலுசில் ஊதுகுழல் வைத்தால், மிச்சமிருக்கும் இண்டியம் உருகி நல்ல வெள்ளியையும் அரித்துக் குழியாக்கும்.

ரஃபீக் (மறுபடியும்): அணு உலைக் கட்டுப்பாட்டுக் கம்பியில வெள்ளி 80, இண்டியம் 15, காட்மியம் 5ன்னு படிச்சேன் அக்கா. அதுக்குள்ளயும் இந்தச் சேர்மங்கள் இருக்குமா?

புதுக் கம்பியில் இருக்காது. அந்த அளவு இண்டியத்தையும் காட்மியத்தையும் வெள்ளி தன் படிகத்துக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். கம்பி முழுக்க ஒரே கட்டம், அதாவது ஒரே வகைப் படிகம். ஆனால் உலைக்குள் போனதும் கதை மாறுகிறது. நியூட்ரானை விழுங்கிய இண்டியம் வெள்ளீயமாகிறது, வெள்ளி காட்மியமாகிறது. வெள்ளீயம் 4 எலெக்ட்ரான் தரும், காட்மியம் 2. சராசரி மெல்ல ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் வெள்ளியின் கனசதுரக் கட்டமைப்பு தாங்காமல், அறுகோணக் கட்டமைப்புள்ள இரண்டாவது கட்டம் பிரியத் தொடங்கும். கம்பி உப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் மேலே கேட்ட அதே எலெக்ட்ரான் கணக்குதான், இங்கே உலை நமக்காகக் கூட்டல் போடுகிறது.