சிறுகதையில் பாத்திரம், முரண், குறியீடு: மூன்றையும் எப்படி அலசி எழுதுவது?

நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நிலைமையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் யார் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கப் போகிறார்கள்.

எங்களுக்கு ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' பாடம். 1966-ல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய கதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான், நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகிறாள். மையப் பாத்திரம் அம்மாதான் என்று பரீட்சையில் எழுதினேன். நோட்ஸில் மகள் என்று இருந்ததாம், மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன்.

ஏனென்றால் அம்மா முதலில் போட்டு அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்ததும், இப்படித் தெப்பமாக நனைந்துகொண்டு வந்திருக்கிறாளே என்று சமாளிக்கிறாள். கதை திரும்புவது அந்தப் பொய்யில்தான். கார்க்காரன் அதற்கு முன்பே கதையை விட்டுப் போய்விட்டான். முரண், அதாவது மோதல், முழுக்க அம்மாவுக்குள்ளேயேதான்: ஊருக்குப் பயப்படுகிற அம்மாவுக்கும் பெற்ற அம்மாவுக்கும் நடுவில். சந்தேகமிருந்தால் ஜெயகாந்தனே பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் பாருங்கள். அங்கே அம்மா கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள், மகளின் வாழ்க்கையே வேறு திசையில் போய்விடுகிறது.

குறியீடு என்றதும் மழை, கார், இருட்டு என்று வரிசையாக அடுக்காதீர்கள். தலைப்பில் நெருப்பு, கதைக்குள் கொட்டுவதோ தண்ணீர். சீதையைத் தீயில் இறக்கிய கதையைக் கேட்டு வளர்ந்த அம்மா, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கார்க்காரன் கொடுத்த சூயிங்கம் அப்போதும் மகளின் வாயில் இருக்கிறது, அதையும் துப்பச் சொல்கிறாள். சூயிங்கத்தை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழும், காரின் நிறத்தை மாற்றினால் ஒன்றும் ஆகாது. எது குறியீடு என்று நான் பார்க்கிற வழி இவ்வளவுதான்.

'சுத்தம்' என்பதே ஆணாதிக்கப் பேச்சு என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். சரி, அதையும் எழுதலாம். கூடவே, 1966-ல் மகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அந்த அம்மாவிடம் வேறு என்ன சொல் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், கதைப் புத்தகத்தை என்னிடம் கேட்காதீர்கள். இரவல் வாங்கிப் போன நண்பர் தினமும் வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார், புத்தகம் மட்டும் வந்தபாடில்லை.