வாசகர் கேட்டவை: கட்டு உடைந்ததென்று ஓடிய இரவு

மாரி தொடங்கியதிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வெள்ளத்தையும் அதற்குப் பின்னான உதவியையும் பற்றியனவாகவே இருக்கின்றன. இம்முறை அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கடந்த மாரியில் ஓர் இரவு, இரணைமடுக் குளத்தின் கட்டு உடைந்துவிட்டதென்று மோட்டார் சைக்கிளில் ஒருவர் சத்தமிட்டுக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் எங்கள் ஒழுங்கை வெறுமையாகிவிட்டது. விடிந்த பின் பார்த்தால் மிகைநீரை வெளியேற்றும் வான் கதவுகள் மட்டுமே திறக்கப்பட்டிருந்தன. மறுநாள் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. எங்கள் சனம் இவ்வளவு இலகுவில் பதறிப்போகும் சனமா?
— ஒரு வாசகி, கண்டாவளை

பதில்: சிரித்தவர்களின் வீடுகள் வான் தண்ணீர் ஓடும் பக்கத்தில் இல்லையென்றே நினைக்கிறேன். சகோதரி, உங்கள் நீண்ட கடிதத்தின் நடுவில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நடக்க முடியாத அயல்வீட்டு அம்மம்மாவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய பின்னரே உங்கள் பிள்ளைகளை ஏற்றினீர்கள். பட்டியில் நின்ற மாடுகளை யாரோ ஒரு பெடியன் அவிழ்த்துவிட்டான். அறிவு கலங்கியவர்கள் இப்படி முன்பின் பார்த்துச் செயற்படுவதில்லை. நீங்கள் பயந்தீர்கள், பயந்து சரியான திசையில் போனீர்கள். அதற்குப் பதற்றம் என்று பெயரிடுவது பொருத்தமில்லை.

1963இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனர்த்த ஆய்வு நிலையமொன்றைத் தொடங்கிய சமூகவியலாளர்களுள் ஒருவரான என்ரிக்கோ குவாரன்டெல்லி, பிறரை மறந்து கண்மண் தெரியாமல் ஓடும் பதற்றம் அனர்த்தங்களின்போது மிக அரிதாகவே நிகழ்கிறது என்பதையும், முதல் உதவி பெரும்பாலும் அயலவரிடமிருந்தே வருகிறது என்பதையும் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொல்லிவந்தார். வன்னிக்கு இதைச் சொல்ல ஒஹாயோவிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆட்களை முதலில் தூக்கியெடுத்தவர்கள், தம் வீட்டாரையும் தேடிக்கொண்டிருந்த அதே கரையின் மக்களே.

அந்தக் காலையில் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது எங்கள் நேரப்படி ஏறத்தாழ 7 மணிக்கு. அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. அந்த இரண்டு மணித்தியாலங்களில் ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. அப்போது இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை முறையே இருக்கவில்லை. அதற்குப் பின் 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவை அடுத்துள்ள நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோதும், 2012 ஏப்ரல் 11 பிற்பகல் மீண்டும் 8.6 அளவில் அதிர்ந்தபோதும் கரையோர மக்கள் எழுந்து உள்நோக்கி ஓடினார்கள். எங்கள் கரைக்கு இரண்டு முறையும் பெரிய அலை வரவில்லை. 2012இல் கடலடித் தட்டு மேலெழாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததே அதற்குக் காரணம். அதைக் கரையில் நிற்கும் ஒருவரால் எப்படி அறிய முடியும்? அலை வராத நாளில் ஓடியவரைப் பார்த்துச் சிரிப்பது, அடுத்த முறை அவரை நிற்கவைக்கும் வேலை. அதனால்தான் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இனி இரணைமடுவுக்கு வருவோம். வான் கதவு திறப்பதும் கட்டு உடைவதும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று எதிரானவை. மண் கட்டின் மேலால் தண்ணீர் வழியத் தொடங்கினால் அது மண்ணை அரித்துக்கொண்டே போகும்; அந்த நிலை வராமல் இருப்பதற்காகவே நீர்ப்பாசனத் திணைக்களம் கதவுகளைத் திறக்கிறது. ஆனால் கனகராயன் ஆற்று வழியே சுண்டிக்குளம் களப்பை நோக்கி ஓடும் அந்தத் தண்ணீர் வழியிலுள்ள வயல்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் புகத்தான் செய்யும் என்பதால், கட்டு உடையவில்லை என்ற செய்தி தாழ்ந்த இடத்தில் இருப்பவருக்கு ஆறுதலான செய்தியல்ல. 2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, குளத்தின் கட்டு அப்படியே நிற்கக் கதவுகளால் வந்த தண்ணீரே பல வீடுகளுக்குள் நின்றது. உங்கள் ஒழுங்கை வெளியேறியது பிழையல்ல. மோட்டார் சைக்கிளில் வந்தவர் சொன்ன சொல்தான் பிழை.

வதந்தியின் வலிமை இரண்டு பொருள்களின் பெருக்கம் என்று ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற உளவியலாளர் இருவர் 1947இல் எழுதினார்கள்: விடயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், அதைப் பற்றிய தெளிவு எவ்வளவு குறைவு என்பவையே அவை. பெருக்கம் என்பதால் இரண்டில் ஒன்று பூச்சியமானால் வதந்தியும் பூச்சியம். குளத்தின் கீழ் வாழ்பவருக்குக் குளம் முக்கியமற்றுப் போகப்போவதில்லை. ஆகவே குறைக்கக்கூடியது தெளிவின்மையை மட்டுமே. எத்தனை கதவுகள், எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்ற மூன்று விவரங்களை மாலையிலேயே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் நள்ளிரவில் அந்த மோட்டார் சைக்கிளுக்கு வேலை இருந்திராது. இதில் அதிகாரிகளுக்கும் பங்குண்டு. சனம் பதறிவிடும் என்று அஞ்சி அவர்கள் வாயை மூடிக்கொள்ளும்போதுதான், அவர்கள் அஞ்சிய அதே நிலை பிறக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் குரற்பதிவைப் பொறுத்தவரை, அது எந்த நாளில் பதியப்பட்டது, பேசுபவர் தாம் கண்டதைச் சொல்கிறாரா கேட்டதைச் சொல்கிறாரா என்ற இரண்டும் தெரியாவிட்டால் அதை மேலே அனுப்பாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இருக்கிறது, கிராம அலுவலர் இருக்கிறார், கமக்காரர் அமைப்பில் குளத்தின் நீர்மட்டத்தை நாளாந்தம் அறிந்துவைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய இலக்கத்தை இப்போதே எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்த இளைஞர்கள். டித்வா புயலின்போது உடுப்பும் சாப்பாட்டுப் பார்சலும் சேர்த்து லொறியில் கொண்டுபோனோம். அங்கே போனபோது எங்களுக்கு முன் நான்கு வாகனங்கள் நின்றன. எங்கள் பார்சலில் பாதி பழுதாகிப்போனது. அடுத்த முறை எப்படிச் செய்வது?
— மாங்குளம் வாசகர் ஒருவர்

பதில்: தம்பி, பாதி பழுதானதை மறைக்காமல் எழுதியதற்கே முதலில் நன்றி. பலர் படத்தை மட்டுமே அனுப்புவார்கள்.

நீங்கள் கண்ட நெரிசல் புதிதல்ல. 1957இலேயே ஃபிரிட்ஸ், மத்தியூசன் என்ற இருவர், அனர்த்தம் நடந்த இடத்தை நோக்கி ஆட்களும் பொருட்களும் செய்திகளும் தாமாகவே வந்து குவிவதை ஆராய்ந்து, அப்படி வருபவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். வீட்டைப் பார்க்கத் திரும்பி வருபவர், உறவினரைத் தேடி வருபவர், உதவ வருபவர், விடுப்புப் பார்க்க வருபவர், ஆதாயம் தேடி வருபவர். வீதி ஒன்றுதான்; ஐந்து வகையினரும் அதே வீதியில்தான் வருகிறார்கள். அம்புலன்ஸும் அதிலேதான் வரவேண்டும்.

சுனாமிக்குப் பிந்திய வாரத்தில் நான் உதவிக்கு நின்ற ஒரு பாடசாலையில் உடுப்பு மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்தன. ஒரு மூட்டைக்குள் பனிக்குளிருக்கான தடித்த மேலங்கிகள். அதே மண்டபத்தில் பெண்களுக்கு உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் இல்லை. கேட்க அவர்களுக்கு வெட்கம், கேட்டறிய எங்களுக்குப் புத்தியில்லை. மூட்டைகளைத் தரம் பிரிக்க நாங்கள் செலவிட்ட நாட்களை இன்று நினைத்தாலும் உறுத்துகிறது. மேலங்கிகள் கடைசியில் பிள்ளைகளுக்குத் தலையணையாயின.

ஆகவே லொறியை ஏற்றுவதற்கு முன் ஓர் அழைப்பு எடுங்கள். அந்த ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியையோ கிராம அலுவலரையோ பிடித்து, எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை, இன்று என்ன வந்தது, நாளை என்ன இல்லை என்று கேளுங்கள். அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் இன்னொரு பட்டியல் தயாரிக்காதீர்கள். சமைத்த சாப்பாடு அனுப்புவதை விட அரிசி, பருப்பு, தேங்காய், விறகு கொடுத்து முகாமிலேயே பொதுச் சமையல் நடத்துவது நல்லது. தூரத்திலிருந்து வரும் பார்சல் வழியிலேயே புளித்துவிடும் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். அத்தோடு, வீடு இழந்தவர் வரிசையில் நின்று வாங்குவதை விடத் தம் கையால் சமைத்துப் பரிமாறுவதில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறார்.

இளைஞர்களின் உடல் வலு உண்மையில் தேவைப்படுவது முதல் நாளில் அல்ல, வெள்ளம் வடிந்த பின்னான நாட்களில். படம் எடுப்பவர்கள் போய்விட்ட பிறகு வீடுகளுக்குள் முழங்கால் அளவு சேறு கிடக்கும். மண்வெட்டியோடும் நீர்ப்பம்பியோடும் பத்துப் பேர் வந்தால், தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் வீடு ஒரே நாளில் குடியிருக்கக்கூடியதாகும். கிணறு இறைப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். சுற்றியுள்ள நிலம் நீரில் ஊறியிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்கினால் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியலாம்; பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு, நிலத்தடி நீர் இறங்கிய பிறகு இறைத்து, அவர் சொல்லும் அளவில் குளோரின் இடுங்கள். அதுவரை கொதித்தாறிய நீர்தான்.

உங்கள் பாதுகாப்பையும் சொல்லவேண்டும். ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப்போகும். பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும்போது சாரதியின் துணிச்சலை நம்பி ஏறாதீர்கள். வெள்ளம் மிதிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் இடம் மாற்றும். எச்சரிக்கைப் பலகைகளும் அடித்துச்செல்லப்பட்டிருக்கும். எனவே ஊரவர் காட்டாத குறுக்குப் பாதையில் இறங்கவேண்டாம். மேட்டைத் தேடிப் பாம்புகளும் வரும். குவிந்த ஓலைக்குள் வெறுங்கை விடாதீர்கள். காலில் காயத்தோடு சேற்றில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். 2024 டிசெம்பரில், வெள்ளத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாண மாவட்டத்தில் அது உயிர்களைப் பறித்ததை நாம் கண்டோம். முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அது பொருந்தாது என்பதால் கைமாற்றிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளத்தில் எங்கள் பக்கத்தில் மாடுகள் நிறையச் செத்துக் கிடந்தன. பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். உண்மையா?
— மடுப் பகுதி வாசகர்

பதில்: வெள்ளத்திலோ அலையிலோ இறந்த மனித உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் தெளிவான நிலைப்பாடு. அந்தப் பயத்தினால் 2004இல் இலங்கையின் பல இடங்களில் உடல்களை அடையாளம் காணுமுன் அவசரமாக ஒரே குழியில் அடக்கம் செய்ததால், தம்மவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மாடுகளின் விடயம் சற்று வேறு. கிணற்றுக்கோ குளத்துக்கோ அருகில் கிடந்தால் அவை குடிநீரைக் கெடுக்கும். கையுறை அணிந்து, நீர்நிலையிலிருந்து தூரத்தில், ஆழமாகப் புதையுங்கள். புதைக்குமுன் படம் எடுத்து, காதில் இலக்கம் இருந்தால் குறித்துக்கொண்டு, கால்நடை வைத்தியர் பணிமனைக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அந்தக் குறிப்புக் கைகொடுக்கும்.

கேள்வி: சுனாமியில் தப்பிய என் அம்மா, இப்போதும் காற்றுச் சற்று இரைந்தால் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் இருக்கிறார். இது வருத்தமா?
— முல்லைத்தீவுக் கரையோர வாசகி

பதில்: பை கட்டுவது வருத்தமல்ல, அடையாள அட்டையும் காணி உறுதியும் மருந்தும் அதற்குள் இருக்கின்றனவா என்று நீங்களும் பாருங்கள். நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் குலைந்தால், கடற்கரைப் பக்கமே போகமுடியாமல் அன்றாட வேலை தடைப்பட்டால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். அவரிடம் அன்றைய கதையை வற்புறுத்திக் கேட்கவேண்டாம். உதவ வருபவர்கள் பலரும், அழுது கொட்டினால் மனம் ஆறிவிடும் என்று நினைத்துக் கிளறுகிறார்கள். அப்படிக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பது பயன் தருவதில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். அவராகச் சொன்னால் கேளுங்கள். காற்று இரையும் இரவில், வானிலை அறிவிப்பைக் கேட்டு அவருக்கு நீங்களே சொல்லிவிட்டு, ஒரு தேநீரோடு வாசலில் பக்கத்தில் இருங்கள்.