தராசு யார் கையில்?

அன்புள்ள ஐயா,

கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பருப்பின் தோல் நீக்கும் பெண் ஒருவர், சூப்பர்வைசர் தன்னிடம் முறைகேடாக நடந்ததாகச் சொன்னார். முதலாளி சூப்பர்வைசரைத் திட்டிவிட்டு, அந்தப் பெண்ணை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார். சபைப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி முடித்தார்களாம். சூப்பர்வைசர் பதினெட்டு வருடம் உழைத்தவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். இதற்கு மேல் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் எழுதவில்லை.

என் சித்தி அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஓடு உடைத்தவர். எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். வீட்டில் அவருடைய பேச்செல்லாம் எடையைப் பற்றித்தான். நிறுப்பவன் ‘உடைசல் (உடைந்த பருப்பு) அதிகம்’ என்று ஒதுக்கினால் அன்றைய கூலி போயிற்று. அதனால் அவன் சிரித்தால் இவர்களும் சிரிக்க வேண்டும்.

எனவே உங்கள் பதிவேட்டைப் புரட்டுங்கள். அந்தப் பெண் முகம் திருப்பிய நாளிலிருந்து அவருடைய உடைசல் கணக்கு ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் சாட்சி உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும் ஓர் உறுப்பினர் வெளியாளாகவும் இருப்பார்கள். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். விசாரணைக் காலத்தில் பெண் எழுதிக் கேட்டால் அவரையோ சூப்பர்வைசரையோ மாற்றலாம். அவர் கேட்காமலே அவரை மாற்றினால் அது தண்டனை. சமரசத்தையும் அவர்தான் கேட்க வேண்டும், அதில் பணம் கைமாறக் கூடாது. எல்லைக்கல் தகராறு என்றால் சபைப் பெரியவர் போதும், இதற்குப் போதாது.

சூப்பர்வைசருக்கும் இதில் அநீதிதான். புகாரின் நகலை வாங்கி, தன் சாட்சிகளுடன் பதில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இப்போது கிடைத்திருப்பது திட்டும் டீக்கடைப் பேச்சும் மட்டுமே. குற்றம் செய்தவரானால் மலிவாகத் தப்பிவிட்டார், செய்யாதவரானால் காலம் முழுக்கச் சுமப்பார்.

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம். எழுத முடியாதவருக்கு உதவுவது குழுவின் கடமை. குழுவே இல்லையென்றால் திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் அந்தப் பதிவேட்டை நகல் எடுத்து வையுங்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் ஆலைகளில் கரையானுக்குப் பசி எடுக்கும்.