ஹீட்டர் கோர் அடைப்பு: கழுவும் முன் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

"அண்ணா, விடியற்காலையில் ஏலகிரி இறங்கும்போது கண்ணாடியில் பனி படிந்து ரோடே தெரியவில்லை. ஹீட்டர் போட்டால் சில்லென்ற காற்றுதான். வீட்டிலேயே கழுவலாமா?" – வாணியம்பாடி

கழுவலாம் தம்பி, ஆனால் ஹீட்டர் கோரில் (இன்ஜினை ஆற்றும் திரவமான கூலண்ட் சூடாக ஓடி, வண்டிக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் பகுதி) அடைப்புதானா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸையும் லேசாகத் தொடுங்கள். இரண்டும் சுட்டால் கோரில் கோளாறு இல்லை, காற்றைத் திருப்பும் மூடிதான் சிக்கியிருக்கும். ஒன்று சுட்டு இன்னொன்று ஆறிக் கிடந்தால் அடைப்பு. வண்டியில் கோருக்குக் கூலண்டை விடும் ஹீட்டர் வால்வு இருந்தால் அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள், கோரின் குழாய் விரிசல் விடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள், அதன் விலை கொஞ்சம்தான். தண்ணீரைக் கூலண்ட் வெளியே வரும் பக்கமாக, எதிர்த் திசையில் விட வேண்டும். குழாயைப் பாதி திறந்தால் போதும். ஒருமுறை அவசரத்தில் வண்டி கழுவும் பிரஷர் கன்னை வைத்து அடித்தேன், கோரின் ஓரம் பிரிந்துவிட்டது, டேஷ்போர்டு முழுவதையும் இறக்கி மாற்ற வேண்டியதாயிற்று. முதலில் டீ நிறத்தில் தண்ணீர் வரும், அப்புறம் வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் பொருக்கு துண்டு துண்டாக விழும். தெளிந்து வரும்வரை திசையை மாற்றி மாற்றி விடுங்கள்.

"பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் கரையுமே?" – ஆற்காடு

வேண்டவே வேண்டாம். அது அலுமினியத்தையே அரிக்கும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) இரண்டு ஸ்பூனை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கோரில் அரை மணி நேரம் நிறுத்தி, நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

"கழுவியும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது." – ராணிப்பேட்டை

வெயிலுக்கு நல்லது என்று யாராவது தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிப் போட்டிருக்கிறார்களா? நம் பக்கம் இது சகஜம், ஆனால் தப்பு. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது. அது இருந்தால், உள்ளே காற்று அடைத்திருக்கும்: ஆறிய வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றுங்கள். சூடான வண்டியில் மூடியைத் தொடக் கூடாது.

"40 டிகிரி அடிக்கும் ஊரில் ஹீட்டர் எதற்கு? போர் தண்ணீரே ஊற்றி ஓட்டுகிறேன்." – காட்பாடி

ஐயா, அது ஒரு குட்டி ரேடியேட்டர். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் டெம்பரேச்சர் முள் ஏறும்போது ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும், ஓரமாக நிறுத்த நேரம் கிடைக்கும். போர் தண்ணீரில் உள்ள உப்பு சூட்டில் படிந்து, கோரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, அவ்வளவுதான். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றுக்குட்டியும் நக்கும், அது விஷம்.

"இடது பக்கக் கால் மிதி ஈரம், உள்ளே இனிப்பு வாசனை." – குடியாத்தம்

கோர் ஒழுகுகிறது அம்மா, கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதுவரை இரண்டு ஹோஸையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கித் தரச் சொல்லுங்கள். ஹீட்டர் இருக்காது, வண்டி ஓடும்.