புக்கு, பஸ்ஸு, இஸ்கூலு: ஆங்கில ஆசிரியர்களுக்குக் கேள்வி – பதில்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 'புக்கு', 'பஸ்ஸு', 'இஸ்கூலு' என்றே சொல்கிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் பழைய கதைதான். என்ன செய்வது?
*தொடக்கப் பள்ளி ஆசிரியை, தேவகோட்டை*

குறை பிள்ளைகளிடம் இல்லை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது; அதனால் நாக்கு தானாக ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 'உ போடாதே' என்று அதட்டினால் பிள்ளை கடைசி ஒலியையே விழுங்கி 'பு' என்று நிறுத்திவிடும். உயிர் வந்தால் குற்றியலுகரம் மெய்யை விட்டு ஓடும் என்று தமிழ் வகுப்பில் நடத்துகிறோமே, அதே விதி இங்கும் கைகொடுக்கும். 'புக்' என்று தனியாகச் சொல்ல வைக்காதீர்கள். உயிரில் தொடங்கும் சொல்லை அடுத்து வைத்து, 'புக்கிஸ் ஆன் த டேபிள்' என்று சேர்த்தே பழக்குங்கள். உகரத்துக்கு அங்கே இடமிருக்காது. இரண்டு வாரம் இப்படி ஓடிய பிறகு பின்சொல்லை எடுத்துவிடலாம்.

'இஸ்கூலு'க்கு வேறு வைத்தியம். பாம்பு சீறுவதுபோல் 'ஸ்' ஒலியை இரண்டு விநாடி இழுத்து, மூச்சை நிறுத்தாமல் 'கூல்' சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் 'ஸுகூல்' ஆகிவிடும்.

இதைவிடக் கடினம் 'ப' வரிசை. வாணலிக்கான 'பேன்', தடைக்கான 'பேன்' இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே நிற்கின்றன; இந்தப் பத்தியிலேயே பாருங்கள்! இரண்டு விரல் அகல மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன் ஒரு சாண் தூரத்துக்குள் தொங்கவிடுங்கள். வாணலியைச் சொல்லும்போது காகிதம் ஆட வேண்டும், தடையைச் சொல்லும்போது ஆடக்கூடாது. நம் 'ப'வில் அந்த மூச்சு கிடையாது. அதனால்தான் வெளிநாட்டார் காதில் வாணலி தடையாக விழுகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். 'ஸ்பூன்', 'ஸ்பின்' போன்ற சொற்களை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்: 'ஸ்' முன்னால் வந்தால் ஆங்கிலேயருக்கே காகிதம் ஆடாது.

பேச்சுக்கு முன் காது பழக வேண்டும். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொல்லுங்கள்; பிள்ளைகள் வாணலிக்கு ஒரு விரல், தடைக்கு இரண்டு விரல் காட்டட்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகுதான் பிள்ளைகள் வாய் திறக்கட்டும். நாளுக்கு ஐந்து நிமிடம், நான்கு சோடிச் சொற்கள் போதும்.

வகுப்பில் தமிழே பேசக்கூடாதா?
*ஆசிரியர், திருப்பத்தூர்*

பேசலாம். விளையாட்டின் விதியையும் இலக்கணக் காரணத்தையும் தமிழில் இரண்டு வரியில் முடியுங்கள். அதை ஆங்கிலத்தில் பத்து நிமிடம் நடித்துக் காட்டுவது வீண். 'புத்தகத்தை எடு', 'திரும்பவும் சொல்', 'எனக்குப் புரியவில்லை' போல அன்றாடம் வருவதை மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

45 பிள்ளைகள், 40 நிமிடம். எல்லோரையும் எப்படிப் பேச வைப்பது?
*ஆசிரியை, காரைக்குடி*

வரிசையாக எழுப்பினால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. இருவர் இருவராகப் பிரித்து, செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு விளையாட்டு ஆடுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பூக்கல் தரை புதிதல்ல.

நான்கு நிறச் சார்ட் தாளை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி, சோடிக்கு இரண்டு தொகுதி, தொகுதிக்கு ஒன்பது சதுரம் கொடுங்கள். இரண்டு தொகுதியிலும் நிறங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை மூன்றுக்கு மூன்றாக ஒரு 'தரை' போடும். நடுவில் நோட்டை நிமிர்த்தி வைத்து மறைத்துவிட்டு, 'புட் த ரெட் ஒன் இன் த டாப் லெஃப்ட் கார்னர்' என்று சொல்லச் சொல்ல, மற்றது அடுக்கும். முடிந்ததும் நோட்டை எடுத்து ஒப்பிடலாம்.

இது பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்கும். மேல், நடு, கீழ், இடம், வலம், பக்கத்தில் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் பழக்காவிட்டால், இரண்டாவது சதுரத்திலேயே தமிழ் வந்துவிடும். இன்னொன்று, கேட்கும் பிள்ளை ஊமையாக அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சதுரத்துக்கும் அது ஒரு கேள்வியாவது ('விச் கலர்?', 'அபவ் ஆர் பிலோ?') கேட்டே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். 45 என்றால் ஒருவர் மிஞ்சுவார். ஒரு குழுவை மூவராக்கி, மூன்றாமவரைத் தமிழ்ச் சொற்களை எண்ணும் நடுவராக்குங்கள். சத்தம் இருக்கும், அது இருக்க வேண்டியதுதான்.

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டும் இளைஞர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். எந்த இலக்கணத்தில் தொடங்கலாம்?
*பயிற்றுநர், பள்ளத்தூர்*

செயப்பாட்டு வினையில். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பற்றி 'கண்ணாடி மேல சாயத்தை ஊத்துறாங்க' என்று நாம் சொல்லும்போது ஊற்றுவது யார் என்று சொல்வதே இல்லை. வினைமுற்றே அதைப் பார்த்துக்கொள்கிறது. அதை அப்படியே மாற்றும் இளைஞர் 'தென் போர் த கலர்' என்பார். கேட்கும் விருந்தாளிக்கு அது தன்னை ஊற்றச் சொல்வதுபோல் இருக்கும்! 'த கலர் இஸ் போர்டு ஆன் கிளாஸ்' என்று ஒரே அச்சில் கல் செய்யும் படிகளைச் சொல்ல வையுங்கள்: ஊற்றப்படுகிறது, சிமென்ட்டும் மணலும் நிரப்பப்படுகின்றன, அழுத்தப்படுகிறது, தண்ணீரில் ஊறவைக்கப்படுகிறது. ஐந்தாறு வாக்கியத்தில் இலக்கணமும் வந்துவிடும், பிழைப்புக்கும் உதவும்.

முகப்பு, வளவு, திண்ணை போன்ற வீட்டுப் பகுதிகளுக்கு ஆங்கிலச் சொல் தேடி அலைய வேண்டாம். தமிழ்ச் சொல்லையே சொல்லி, ஒரு விளக்கத்தை ஒட்டவிட்டால் போதும்: 'எ திண்ணை இஸ் எ ரெய்ஸ்டு பிளாட்ஃபார்ம் வேர் விசிட்டர்ஸ் சிட்.' பிறகு, 'இல்லையா?' என்பதை எல்லா வாக்கியத்துக்கும் 'இஸின்ட் இட்?' ஆக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கிள்ளிவிடுங்கள். அதற்குப் பதில் 'ரைட்?' போதும்.

செலவில்லாமல் ஒலிப்பதிவும் பாடத்திட்டமும் எங்கே கிடைக்கும்?
*ஆசிரியர், புதுவயல்*

பாடத்திட்டத்துக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலிஷ்' தளம். கேட்டுப் பழகப் பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்'. பின்னது ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் சரிப்படும். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டால் கொட்டாவிதான் மிஞ்சும். வீட்டிலேயே பதிவிறக்கி வாருங்கள். ஆறு நிமிடத்தையும் ஓட்டாமல் 40 விநாடித் துண்டு ஒன்றை எடுங்கள். முதலில் எதைப் பற்றிய பேச்சு என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை காதில் விழுந்த சொற்களை எழுதட்டும். மூன்றாம் முறை இருவர் சேர்ந்து அந்தத் துண்டைத் தம் வாக்கியத்தில் எழுதிப் பார்க்கட்டும். எழுத்து வடிவத்தைக் கடைசியில்தான் காட்ட வேண்டும்; முன்பே கொடுத்தால் கண் படிக்கும், காது தூங்கும்.

'நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை?' ஆங்கிலத்தில் எப்படி?
*மாணவி, கோட்டையூர்*

'எத்தனையாவது'க்கு ஆங்கிலத்தில் வழக்கிலுள்ள ஒரு சொல் இல்லை. 'ஆர் யூ த எல்டஸ்ட்?' என்று கேளுங்கள். இல்லை என்றால் அவரே 'நோ, த தேர்டு' என்று சொல்லிவிடுவார்.