சைனஸ் லிஃப்டுக்கு மாட்டு எலும்புத் தூள்தான் வைக்க வேண்டுமா? சைவர்களுக்கு வேறு வழி உண்டா?

உண்டு. என் அம்மாவுக்கு இதே கேள்வி வந்தது. பிறந்ததிலிருந்தே சைவம். மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வெகுகாலம் ஆனதில் எலும்பு கரைந்துபோய், ஸ்கேனில் சைனஸுக்கு, அதாவது மேல் பல்லுக்கு மேலே இருக்கும் காற்றறைக்குக் கீழே 3 மி.மீ.தான் மிச்சம். செயற்கைப் பல்லைத் தாங்கும் இம்ப்ளான்ட் திருகு பிடித்து நிற்க அது போதாது. அதனால் எலும்பின் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் திறந்து, சைனஸின் மெல்லிய ஜவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்புவார்கள். இதுதான் சைனஸ் லிஃப்ட்.

என்ன தூள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கையெழுத்துக்கு நீட்டிய தாளில் 'போவைன்' என்றிருந்தது. மாடு என்று நான் சொன்னதும் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாட்டு எலும்பு மட்டமான பொருள் இல்லை. புரதம், கொழுப்பு எல்லாம் நீக்கி வெறும் தாதுவாக வரும். மெதுவாகவே கரையும், அதனால் தூக்கிய உயரம் இறங்காது. நம் சொந்த எலும்பில் உயிரணுக்கள் உண்டு, புது எலும்பு சீக்கிரம் வளரும். ஆனால் தாடையில் இன்னொரு இடத்தில் வெட்டி எடுக்க வேண்டும். தனியாக வைத்தால் நாளடைவில் சுருங்கவும் செய்யும். இரண்டையும் கலந்து வைக்கிற டாக்டர்கள் உண்டு.

அம்மாவுக்கு வைத்தது செயற்கைத் தூள்: ஹைட்ராக்சிஅபடைட்டும் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்தது. முன்னது இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்னது சீக்கிரம் கரைந்து புது எலும்புக்கு வழிவிடும். "எட்டு மாசம் பொறுக்கணும்மா" என்றார் டாக்டர்.

பலர் தவறவிடுவது இதை: தூளை மட்டும் கேட்டால் போதாது. ஜன்னலை மூட வைக்கிற கொலாஜன் ஜவ்வு பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. கேட்கட் தையல் நூல் ஆடு மாட்டுக் குடல்தான். முதல் நாள் ராத்திரி இது தெரிந்து டாக்டருக்குப் போன் செய்தேன். அம்மாவின் கையில் ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றி, அதில் திரண்ட பி.ஆர்.எஃப். ஜவ்வையே வைத்து மூடினார். தையலுக்கு நைலான்.

அப்புறம் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அம்மாவுக்கு முகம் வீங்கி நான்காம் நாள் வடிந்தது. எட்டு மாசம் கழித்து ஸ்கேன் பார்த்துத் திருகு போட்டார்கள், நன்றாக இருக்கிறது.

ஆபரேஷன் அன்று தூள் பாக்கெட்டில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பின்னால் வேறு டாக்டர் கேட்டால் அதைக் காட்டலாம்.