கியோங்ஜுவில் ஒரே நாள்: தனி வழிகாட்டி தேவையா?

கேள்வி: அலுவல் நிமித்தம் அக்டோபரில் சியோல் செல்கிறேன். 68 வயதான என் தாயாரும் உடன் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. கியோங்ஜுவின் பௌத்தத் தலங்களைப் பார்க்க ஒரே நாள்தான் கிடைக்கும். தனி வழிகாட்டியுடன் காரில் அழைத்துச் செல்ல ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் எட்டு இடங்கள் உள்ளன. அது சாத்தியமா? வழிகாட்டிக்குச் செலவிடுவது தகுமா?

பதில்: வழிகாட்டி தேவை, எட்டு இடங்கள் தேவையில்லை. 935 வரை பண்டைய கொரியாவின் சில்லா அரசுக்குத் தலைநகராக இருந்த இவ்வூரில், கண்ணுக்குத் தெரிவதைவிட அழிந்துபோனது அதிகம். நின்றிருப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இல்லாததைக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

சியோலிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால், காரை அங்கேயே வரச் சொல்லி, கூட்டம் சேரும் முன் நேராகச் சொக்குராம் குகைக்கோயிலுக்குச் செல்லுங்கள். 751இல் கிம் தேசியோங் என்ற அமைச்சர் தொடங்கிய இது, அஜந்தாவைப்போல் பாறையைக் குடைந்ததன்று; செதுக்கிய கருங்கற்களை அடுக்கிக் கவிகை எழுப்பி, மேலே மண் மூடி உருவாக்கிய குகை. ஈரப்பதத்திலிருந்து காப்பதற்காகக் கண்ணாடித் தடுப்பு வைத்திருப்பதால் உள்ளே நுழைய இயலாது, படமெடுக்கவும் அனுமதியில்லை. ஆகவே விளக்கத்தை வெளியிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். குறிப்பாக, உள்ளிருக்கும் புத்தர் சிலைக்கு நேர் பின்னால் மறைந்திருக்கும், கருணையின் போதிசத்துவரான பதினொரு முக அவலோகிதேசுவரரின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். புத்தரின் ஒளிவட்டம் சிலையோடு ஒட்டியிராமல் பின்சுவரில் தனியே செதுக்கப்பட்டிருப்பதும், முன்னால் நிற்பவரின் கண்ணுக்கு மட்டும் அது தலையைச் சூழ்ந்ததுபோல் பொருந்துவதும், சொல்லக் கேட்டபின் பார்த்தால்தான் புலப்படும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டுப்பாதையில் சற்று நடக்க வேண்டும். கடைசியில் படிகளும் உண்டு. அம்மாவை அவசரப்படுத்தாமல் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது மலையடிவாரத்துப் புல்குக்சா கோயில். 1593இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இதன் மரக்கட்டடங்கள் எரிந்தன. இன்று காண்பவற்றில் பல 1970களின் தொடக்கத்தில் முடிந்த சீரமைப்பைச் சேர்ந்தவை. கல்வேலை பழையது. முகப்பின் கற்படிகளில் ஏற அனுமதியில்லை, பக்கவழியாகத்தான் செல்ல வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அதுவே நல்லது. முற்றத்தில் அலங்காரம் மிகுந்த தாபோதாப் கோபுரத்தை எல்லோரும் படமெடுப்பார்கள். எளிமையாக நிற்கும் சொக்காதாப்பின் அருகே நில்லுங்கள்: 1966இல் அதைப் பழுதுபார்க்கப் பிரித்தபோதுதான், உலகின் மிகப் பழைய மர அச்சுப் பிரதிகளுள் ஒன்றாகக் கருதப்படும் தாரணிச் சுருள் (பௌத்த மந்திர நூல்) கிடைத்தது.

நிறுவனத்தின் திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஹ்வாங்யோங்சா என்ற அழிந்த கோயிலின் இடத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது ஒரு வெட்டவெளி மட்டுமே. அரசி சொந்தொக் காலத்தில், 645இல் எழுப்பிய ஒன்பது அடுக்கு மரக்கோபுரத்தை 1238இல் மங்கோலியர் எரித்தனர். அடித்தளக் கற்கள் வரிசை வரிசையாக மிஞ்சியுள்ளன. அந்தக் கற்களுக்கு நடுவே நின்று விவரிக்கத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி. தரை சமதளம் என்பதால் முழங்காலுக்கும் சிரமமில்லை. பக்கத்திலேயே 634இல் தோன்றிய புன்ஹ்வாங்சா கோயிலின் கற்கோபுரம் இருக்கிறது, கால் மணி நேரம் போதும்.

நாம்சான் மலையின் சிலைகள் அருமையானவை, ஆனால் ஏற்றம் கடினம், இம்முறை விட்டுவிடுங்கள். மாலையில் தேசிய அருங்காட்சியகத்தில், 771இல் வார்த்த, ஏறத்தாழ 19 டன் எடையுள்ள மன்னர் சொங்தொக்கின் மணியைப் பாருங்கள். பௌத்தத்துக்காக 527இல் உயிர்நீத்த இச்சாதோனின் நினைவுக்கல்லும் அங்கேதான் உள்ளது; வெட்டுண்ட கழுத்திலிருந்து குருதி பீறிடும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.

பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்: வழிகாட்டிக்கு அரசு உரிமம் உண்டா, கட்டணத்தில் வண்டியும் ஓட்டுநரும் அடங்குமா, ரயில் தாமதமானால் நேரத்தை நகர்த்துவார்களா. ‘வழிகாட்டி’ என்று சொல்லிவிட்டு ஓட்டுநரை மட்டும் அனுப்புவதும் உண்டு. அவர் வாயிலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவுதான்.